4 ஜிபி ராமும் பழைய ஹாட் டிஸ்க்கும்: எந்த செட்டிங் உதவியது, எது உதவவில்லை

கணினி: யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு வீட்டு டெஸ்க்டொப். மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹாட் டிஸ்க், விண்டோஸ் 10. திரை வந்த பிறகும் கனநேரத்துக்கு குரோம் திறக்காது.

செட்டிங்கில் கை வைக்க முதல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைப் பார்க்க வேண்டும். இங்கே பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சிபியு சும்மா கிடந்தது. டிஸ்க் 100 வீதம், ஆனால் வாசிக்கும் வேகம் செக்கனுக்கு ஒரு எம்பியைச் சுற்றித்தான். டிஸ்க்கின் வாசிப்பு முனை தட்டின் அங்குமிங்கும் ஓடிச் சிறு துண்டுகளாக எடுக்கும்போது நேரமெல்லாம் ஓட்டத்திலேயே போய்விடும். ஆகவே ஒரே நேரத்தில் டிஸ்க்கைக் கேட்கும் புரோகிராம்களைக் குறைப்பதுதான் முதல் வேலை.

அதிக பலன் தந்தது ஸ்டார்ட்டப் பக்கம். டீம்ஸ், ஸ்கைப், பாவிக்காத ஒன்டிரைவ், பிரின்டர் உதவிப் புரோகிராம்கள் எல்லாவற்றையும் டிஸேபிள் செய்தாயிற்று. விண்டோஸ் செக்யூரிட்டி இருக்கட்டும். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவை இருந்தால் அவற்றையும் விட்டுவிடுங்கள். நிறுத்தினால் அடுத்தமுறை ஓன் பண்ணும்போது தமிழ் எழுத்து வராது. கீபோர்ட் பழுது என்று நினைத்துவிடுவீர்கள்.

அடுத்தது சர்வீசஸில் உள்ள சிஸ்மெயின். அடிக்கடி பாவிக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ராமில் ஏற்றி வைப்பது இதன் வேலை. ராம் 4 ஜிபி மட்டும் என்றால் ஏற்றிவைக்க இடமும் போதாது, ஏற்றும் வேலை டிஸ்க்கையும் பிடித்துக்கொள்ளும். ஸ்டொப் கொடுத்து, ஸ்டார்ட்டப் டைப்பை டிஸேபிள்ட் ஆக்கியதும் டிஸ்க் முன்னையைவிடச் சீக்கிரம் அடங்கியது. குரோம் முதல் தடவை திறக்கச் சற்றுத் தாமதிக்கிறது. இந்தக் கணினிக்கு அது ஏற்கத்தக்க விலை. ராம் 8 ஜிபி உள்ளவர்கள் இதைத் தொடத் தேவையில்லை.

திஸ் பிசியில் ரைட் கிளிக், புரொப்பட்டீஸ், அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ், பெர்ஃபோமன்ஸ் என்று போனால் காட்சி அலங்காரங்களை நிறுத்தலாம். பலர் பெஸ்ட் பெர்ஃபோமன்ஸைத் தெரிவு செய்துவிட்டு எழும்பிவிடுவார்கள். அப்படிச் செய்தால் எழுத்துகளின் விளிம்பு கரடுமுரடாகும். தமிழுக்கு இது பெரிய இடைஞ்சல்: சிறிய எழுத்தில் புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் விசிறியோடு ('கி'யில் மேலே வரும் வளைவு) ஒட்டிக்கொள்ளும், கொம்பின் சுழி அடைந்துபோகும். அதே பட்டியலில் 'ஸ்மூத் எட்ஜஸ் ஒஃப் ஸ்கிரீன் ஃபொன்ட்ஸ்' என்பதற்கு மட்டும் திரும்பச் சரி போடுங்கள். அதனால் வேகம் குறைவதில்லை.

அதே இடத்தில் வேர்ச்சுவல் மெமரியும் உண்டு. அதைப் பூச்சியம் ஆக்கச் சொல்லும் ஆலோசனையை ஏற்காதீர்கள். ராம் நிரம்பியதும் ஒதுங்க இடமில்லாமல் குரோம் பக்கங்கள் செயலிழக்கும். விண்டோஸே அளவைப் பார்த்துக்கொள்ளட்டும். எம்எஸ்கொன்ஃபிக் என்ற விண்டோஸ் செட்டிங் கருவியில் புரொசசர் எண்ணிக்கையைக் கூட்டுவதும் வீண். விண்டோஸ் எப்படியும் எல்லாக் கோர்களையும் பாவிக்கிறது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஓனில் இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் உட்கரு டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். சிபியு பக்கத்தில் 'அப் டைம்' பல நாட்களைக் காட்டுவது இதனால்தான். ஹாட் டிஸ்க்குக்கு அது நல்லது, நிறுத்த வேண்டாம். இடைக்கிடை ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும்.

யூபிஎஸ் இல்லாமல் கரண்ட் போய்ப் போய் வந்த கணினியென்றால் சி டிரைவின் புரொப்பட்டீஸ், டூல்ஸ், செக் வழியாக ஒருக்கா பரிசோதியுங்கள். டெலிவரி ஒப்டிமைசேஷனையும் நிறுத்திவிடுங்கள். உங்கள் டேட்டாவில் வேறு கணினிகளுக்கு அப்டேட் அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் செம்பாட்டுப் புழுதி, சிபியுவின் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்கில் படையாக ஏறும். பாரமான வேலை நடக்கும்போது சிபியுவின் ஸ்பீட் பேஸ் ஸ்பீடைவிட நன்றாகக் கீழே கிடந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய பவர் பிளானை முதலில் பார்த்துவிட்டு, கணினியை ஓஃப் பண்ணி மூடியைக் கழற்றி, விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் துடையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு டிஸ்க் 100 வீதத்தில் நிற்பது குறைந்தது; பாரமான பக்கங்களில் ராம் இன்னும் நிரம்புகிறது. மெமரி பக்கத்தில் 'ஸ்லொட்ஸ் யூஸ்ட்' இரண்டில் ஒன்று என்று காட்டுவதால் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 போடலாம். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் முதலில் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிரைவ்). வாங்கும்போது சாட்டா டேட்டா கேபிள் ஒன்றையும், 2.5 அங்குல டிரைவை 3.5 அங்குல இடத்தில் பொருத்தும் பிராக்கட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.