வாசித்துக் காட்டப்பட்டது

2017 ஆகஸ்ட் 28, திங்கள்

பை இப்போது என் மேசையில் இருக்கிறது. பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பு முடிந்து எல்லாரும் போகும்வரை பெரியம்மா வாசலிலேயே நின்றார். பிறகு சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துவிட்டுத் தந்தார். "ஆறுதலா வாசிச்சுச் சொல்லுங்கோ பிள்ளை." மஞ்சள் பொலித்தீன் பை. வாயைச் சுற்றி இரண்டு இறப்பர் வளையம். அவர் வீட்டுத் தகரம் காற்றுக்குப் பறந்தாலும் பறக்கும், இந்தப் பைக்குள் ஒரு துளி ஈரம் போகாது.

நாளைக்கு என்றேன்.

ஆகஸ்ட் 29

கண்ணாடி! இவ்வளவு நாளும் எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆகஸ்ட் 30

மூன்று மாதமாக 'ன', 'ண' இரண்டையும் பிரிக்க முடியாமல் இருந்த அக்கா நேற்று விளையாட்டாக என் அம்மாவின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இதில மூண்டு சுழியோ இருக்கு?" என்றார். எனக்கு முகம் சுட்டுவிட்டது. மண்டையில் ஏறவில்லை என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து வரும் என்பது தெரியாதவளா நான்? முன்பள்ளிப் பிள்ளைகளோடேயே இருந்து பழகியதில், படிக்க வருகிறவருக்கு வயது இருக்கும் என்பதே மறந்துபோய்விட்டது.

இன்று பதினொரு பேரில் நாற்பது தாண்டிய எல்லாருக்கும் அந்த ஒரு கண்ணாடிதான். பாயில் கைமாறிக் கைமாறிப் போனது. முறை வரும்வரை மற்றவர்கள் கொப்பியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அம்மா வீட்டில் கண்ணாடி தேடிக் களைத்துப்போய் என்னைப் பேசினார்.

ஆகஸ்ட் 31

வாசித்தேன்.

நான்கு தாள்கள். எல்லாம் போட்டோக்கொப்பி. மூன்று தமிழ், ஒன்று சிங்களம்.

தமிழில் இருந்த மூன்றும் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் பெரியம்மாவின் காணாமற்போன பெடியனுக்குப் பதினேழு வயது, மற்றதில் பத்தொன்பது. ஒன்றில் மாத்தளன், ஏப்ரல். இன்னொன்றில் வட்டுவாகல், மே. மூன்றாவதில் இடமே இல்லை, "இறுதி யுத்தத்தின்போது" என்று மட்டும். பெரியம்மா எல்லா இடத்திலும் ஒரே கதையைத்தான் சொல்லியிருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை, சொல் மாறாமல் அதே ஒழுங்கில் எனக்கே நாலைந்து தரம் சொல்லியிருக்கிறார். எழுதியவர்கள்தான் தங்கள் அவசரத்துக்கு எழுதியிருக்கிறார்கள்.

நான் வாசிக்கும்போது எல்லாவற்றையும் வட்டுவாகல் என்றே வாசித்தேன். எல்லாவற்றிலும் பதினேழு. வாய் தானாகவே திருத்திக்கொண்டது.

நாலாவது தாளை எடுத்தேன். "இதிலயும் அதேதான் இருக்கு பெரியம்மா" என்றேன்.

எனக்குச் சிங்களத்தில் ஒரு எழுத்துத் தெரியாது.

செப்டம்பர் 2

சோழகக் காற்று நிற்கவில்லை. புழுதி. கரும்பலகையை எத்தனை தரம் துடைப்பது?

செப்டம்பர் 3

நித்திரை இல்லை. சொன்னது பொய் என்பதைவிட, அதை எவ்வளவு இலகுவாகச் சொன்னேன் என்பதுதான் உறுத்துகிறது. தாளை எடுத்தேன், கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினேன், தலையைக்கூட ஆட்டினேன். வாசிக்கத் தெரியாதவர்கள் எப்படி வாசிப்பதுபோல் நடிப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கிழமையில் நாலு நாள் அதைத்தானே பார்க்கிறேன்.

அந்தத் தாளை எழுதிய அலுவலகம் எது என்று இங்கே எழுதப் போவதில்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987-இல் அரசியலமைப்பிலேயே சேர்த்தாயிற்று. அந்தத் தாளை எழுதியவர் அதை வாசிக்கவில்லை போல.

தமிழ்த் தாள்கள் மூன்றிலும் கடைசியில் ஒரு வரி வருகிறது. சொற்கள் கொஞ்சம் மாறினாலும் விஷயம் ஒன்றுதான்: மேற்படி வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டு, விளங்கிக்கொண்டு, சரியென ஏற்றுக் கையடையாளம் இடுகிறேன். அதற்குக் கீழே பெரியம்மாவின் பெருவிரல். கொப்பியில் அது கறுப்புக் குமிழாகத்தான் விழுந்திருக்கிறது, ரேகை தெரியவில்லை.

வாசித்துக் காட்டப்பட்டது. ஆகஸ்ட் 31 அன்று நானும் அதைத்தான் செய்தேன்.

செப்டம்பர் 5

போயா, பௌர்ணமி விடுமுறை. வகுப்பு இல்லை. அம்மாவின் கண்ணுக்குத் திகதி இன்னும் வரவில்லை. இரண்டு கண்ணிலும் வெண்புரை. முதலில் எந்தக் கண் என்று அவர்கள் சொல்வார்களாம்.

செப்டம்பர் 7

காணாமற்போனோரின் உறவுகள் போராட்டத்துக்கு இருநூறாவது நாள். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடிக் கொட்டகையில் இன்று சனம் கூட. பெப்ரவரி 20-இல் தொடங்கியபோது இத்தனை நாள் போகும் என்று யார் நினைத்தது? பஸ் ஏ9 வீதியில் மெதுவாகப் போனது. யன்னலால் பார்த்தேன், பெரியம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில். நான் இறங்கவில்லை. என்னைக் கண்டால் நாலாவது தாளைப் பற்றிக் கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்கவே மாட்டார், அவருக்குத்தான் நான் வாசித்துச் சொல்லியாயிற்றே.

செப்டம்பர் 8

எழுத்தறிவு நாள். 1967-இலிருந்து கொண்டாடுகிறார்களாம், ஐம்பது வருடம் என்றார் பேசியவர். பதாகை, மாலை, பற்றீஸ், நெக்டோ.

ஒரு படிவம் தந்தார்கள். 'கையொப்பமிடத் தெரிந்தோர் எண்ணிக்கை.' 9 என்று எழுதினேன். உண்மைதான், பதினொரு பேரில் ஒன்பது பேர் இப்போது கையெழுத்து வைப்பார்கள். கைதட்டினார்கள். இந்த நாட்டில் நூற்றுக்கு 90-க்கும் மேல் எழுத்தறிவு என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்தக் கணக்கில் என்னுடைய ஒன்பதும் ஏறும்.

வரும் வழியெல்லாம் கிழமைக் கடனைத்தான் யோசித்தேன். போன மாதம் எங்கள் வகுப்பு அக்கா ஒருவர் புதிதாகப் பழகிய கையெழுத்தை ஆசையோடு வைத்தது ஒரு கடன் பத்திரத்தில். தனக்கு ஒன்று, குழுவில் இன்னொருவருக்குப் பிணையாக ஒன்று. முன்பு பெருவிரல் வைத்தபோது, "என்ன எழுதியிருக்கு தம்பி?" என்று கேட்பாராம். வந்தவரும் ஏதோ சொல்வாராம். இந்தமுறை யாரும் வாசித்துக் காட்டவில்லை. கையெழுத்து வைக்கத் தெரிந்தவருக்கு வாசிக்கவும் தெரியும்தானே! அவருக்கும் கேட்க வெட்கமாக இருந்ததாம்.

அந்தக் கையெழுத்தைப் பழக்கியது நான். மூன்று வாரம், கையைப் பிடித்து.

செப்டம்பர் 11

இனிக் கையெழுத்து இல்லை. இன்று பலகையில் கடன் பத்திரம்தான். தவணை, வட்டி, பிணை. 'பிணை' என்பதை எழுத்துக்கூட்டி முடித்ததும் அந்த அக்கா எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அவர் 1996-இல் மூன்றாம் வகுப்பு. கிளிநொச்சியை விட்டு எல்லாரும் ஓடிய வருடம். "மூண்டாம் வகுப்பை மூண்டு இடத்தில படிச்சனான் ரீச்சர். ஒரு இடத்திலயும் முடிக்கேல்லை." சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஒவ்வொரு தரமும் நானும் சிரிப்பேன், வேறென்ன செய்வது?

செப்டம்பர் 13

காணாமற்போனோர் அலுவலகத்துக்கான வர்த்தமானியில் நேற்று ஜனாதிபதி கையெழுத்து வைத்துவிட்டாராம். சட்டம் போன வருடமே வந்தது. 15-ஆம் திகதி முதல் நடைமுறை. வகுப்பில் ஒரே கதை அதுதான். திரும்பவும் பதிய வேண்டுமோ, திரும்பவும் சொல்ல வேண்டுமோ?

பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "இந்தமுறை நானே எழுதுறன்" என்றார். அவருக்கு இன்னும் கொம்பும் காலும் தடுமாறுகிறது. 'கொ' எழுதச் சொன்னால் கொம்பைப் பின்னால் போடுகிறார். சொல்லும்போது 'க'தானே முதலில் வருகிறது, பிறகேன் கொம்பு முன்னுக்கு என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

செப்டம்பர் 16

வட்டுவாகல். வ, ட்டு, வா, க, ல். கொம்பே இல்லாத சொல். முதல்தரமே பிழையில்லாமல் எழுதினார். பக்கம் முழுக்க எழுதினார். போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செப்டம்பர் 18

கேட்டுவிட்டார். நான் பயந்த தாளைப் பற்றி இல்லை. தமிழ்த் தாள் ஒன்றைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து, "இதில வட்டுவாகல் எங்க இருக்கு, காட்டுங்கோ" என்றார்.

அது மாத்தளன் தாள்.

செப்டம்பர் 19

சொன்னேன். எல்லாவற்றையும். வயது, இடம், மாதம். நாலாவது தாளையும். எனக்கு அந்த மொழி தெரியாது, தெரிந்தமாதிரி வாசித்தேன் என்று.

திட்டுவார் என்று நினைத்தேன். "உங்களுக்கும் கைநாட்டோ பிள்ளை?" என்று கேட்டார். கேலியாகச் சொன்ன மாதிரி இல்லை. பாவம் பார்த்த மாதிரி இருந்தது.

செப்டம்பர் 21

நவராத்திரி தொடங்கிவிட்டது. விசயதசமிக்குப் பிள்ளைகளோடு தங்களுக்கும் ஏடு தொடக்க வேண்டும் என்கிறார்கள், ஐம்பது வயதில்! ஐயர் என்ன சொல்வாரோ. ஒருவர் மட்டும், "எனக்கு அரிசி வேண்டாம், அதில எழுதினா அழிஞ்சிடும்" என்றார்.

செப்டம்பர் 25

கடைக்கார அக்காவின் மகள் ஒன்பதாம் தரம். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழி சிங்களம். பெரியம்மாவே கூட்டிக்கொண்டு வந்தார்.

பிள்ளை பென்சிலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு வாசித்தாள். சத்தம் வருகிறது. அரைப் பக்கம் போனதும், "என்ன சொல்லியிருக்கு அம்மாச்சி?" என்றேன். "தெரியாது ரீச்சர். எழுத்து மட்டும்தான் தெரியும். கருத்துத் தெரியாது."

சரி, வாசி என்றார் பெரியம்மா. பிள்ளை தொடர்ந்தாள். எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஏழாவது வரியில் பெடியனின் பெயர் வந்தது. பெரியம்மா நிமிர்ந்தார். "திரும்ப." பிள்ளை அந்த வரியைத் திரும்ப வாசித்தாள். "திரும்ப." கீழே இன்னும் இரண்டு இடத்தில் அந்தப் பெயர் இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போடச் சொன்னார். 2009 என்ற இலக்கத்தை அவரே கண்டுபிடித்துக் காட்டினார்.

பெயருக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறதோ. செத்துவிட்டார் என்றா, தானாகப் போனார் என்றா, தெரியாது என்றா?

செப்டம்பர் 27

சிங்களம் தெரிந்த ஒருவரைப் பிடிக்க வேண்டும். தெரியாத ஆளிடம் இந்தத் தாளைக் கொடுக்கவும் மனமில்லை. உடுப்பு வியாபாரத்துக்குப் புத்தளத்திலிருந்து வருகிற நானாவுக்கு வாசிக்க வருமாம். கிழமைக்கு ஒருதரம் வருவார், இந்தக் கிழமை வரவில்லை.

அம்மாவுக்குத் திகதி வந்துவிட்டது. ஒக்ரோபர் 4. இடது கண்.

செப்டம்பர் 29

நாளைக்கு ஏடு தொடக்கல். ஐயர் ஓம் என்றுவிட்டார். தாம்பாளம் இரண்டு போதுமா தெரியவில்லை, பச்சையரிசி மூன்று கிலோ வாங்கினேன். பெரியம்மா இரண்டு நாளாக வகுப்புக்கு வரவில்லை. கொட்டகையிலும் இல்லையாம். பை என்னிடம்தான் இருக்கிறது.