ஹிட்லருக்கு முந்தைய நாற்காலி

"ஹிட்லருக்கு முன்னாடி அந்த நாற்காலியில யாரு மாமா இருந்தா?"

வரலாற்றுப் புத்தகமும் கையுமாக அக்கா மகன் இன்று கேட்டான்.

அந்த நாற்காலி ஜெர்மனியின் சான்சலர் பதவி, நம்ம ஊர் பிரதமர் மாதிரி. ஹிட்லருக்கு முன்னால் அதில் இருந்தவர் குர்ட் ஃபான் ஷ்லைஷர். ராணுவ ஜெனரல். போர்க்களத்தில் பேர் வாங்கியவர் இல்லை. பெர்லின் அலுவலகங்களில் ஆட்களை ஏற்றி இறக்கியே வளர்ந்தவர்.

எனக்கு மனசு ஆறாத இடம் 1932 மே மாதம்.

பாதுகாப்பு அமைச்சர் க்ரோனர் இவரைப் பெற்ற பிள்ளை மாதிரி தூக்கிவிட்டவர். ஏப்ரலில் எஸ்.ஏ. என்ற, ஹிட்லரின் நாஜிக் கட்சி வைத்திருந்த சீருடை அடியாள் படைக்குத் தடை போட்டார். உடம்பு முடியாமல் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசினார். நாஜிகள் கூச்சல் போட்டே அவரைத் திணறடித்தார்கள். அந்த நேரம் பார்த்து, ராணுவத்துக்கு உங்கள்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னவர் இதே ஷ்லைஷர்.

க்ரோனர் விலகினார். ஜூனில் தடையும் போனது.

ஹிட்லரைக் கைக்குள் போட்டுக்கொள்ளலாம் என்பது ஷ்லைஷரின் கணக்கு. டிசம்பரில் தானே சான்சலர் ஆனார். இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. அவரே முன்பு சான்சலராக்கிய பாப்பன், ஹிட்லரோடு சேர்ந்து கவிழ்த்துவிட்டார்.

1934 ஜூன் 30. ஹிட்லரின் ஆட்கள் பலரைக் கொன்ற நாள். ஷ்லைஷரையும் வீட்டுக்குள் புகுந்து சுட்டுக் கொன்றார்கள். கூடவே மனைவி எலிசபெத்தையும். அந்த அம்மா என்ன பாவம் செய்தார்?

ஜூலை 3இல் ஹிட்லரின் அமைச்சரவை கூடி, இந்தக் கொலைகள் எல்லாம் சட்டப்படி சரி என்று ஒரே ஒரு பிரிவில் சட்டம் போட்டது. அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ப்ளாம்பெர்க்கும் ஒரு ஜெனரல்தான். அவர் ஹிட்லருக்கு நன்றி சொன்னார்.

ஹிட்லரைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். க்ரோனரின் அந்தத் தடையைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.