வேங்கைக் கதவும் நாற்பத்து மூன்று ஆணிகளும்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்தபோது, வாசற்கதவை மட்டும் விற்கக் கூடாது என்று பெரியப்பா உறுதியாகச் சொல்லிவிட்டார். அந்த வேங்கைக் கதவை இழைத்துப் புதுவீட்டின் பூஜை அறைக்குப் பொருத்துவது என்று முடிவாயிற்று. ஆனால் மாவிலைத் தோரணத்துக்கும் நாட்காட்டிக்கும் சாவிக்கொத்துக்கும் என்று மூன்று தலைமுறையினர் அடித்த ஆணிகள், என் கணக்கில் நாற்பத்தொன்று, அதில் இருந்தன. நடுவில் ‘சேலம் ஜில்லா’ என்று எழுதிய தகரத் துண்டு ஒன்றும் இருந்தது. எங்கள் ஊர் 1965-இல் தருமபுரி மாவட்டத்துக்கும் 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் போனது. இருந்த நிலையை விட்டு அசையாமலே மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிட்ட கதவு அது.

முதல் ஆணியிலேயே தவறு செய்தேன். சுத்தியலின் பிளவில் ஆணித்தலையைக் கொடுத்து, கைப்பிடியை ஒரே மூச்சில் இழுத்தேன். தலை மட்டும் துண்டாகித் தெறித்தது. சுத்தியலின் முதுகு ஊன்றிய இடத்தில் பிறை வடிவில் ஒரு பள்ளம் விழுந்தது.

பக்கத்துத் தெருவிலிருந்து வந்து பார்த்த ஆசாரி, “பிடுங்கறதுக்கு முன்னாடி உள்ளே ஒரு தட்டு தட்டணும் தம்பி” என்றார். கேட்டபோது முரணாகத் தோன்றினாலும் காரணம் எளியது. துரு, தான் உண்டான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், ஆணியைச் சுற்றியுள்ள மரநாரோடு இறுகிப் பூட்டிக்கொள்கிறது. மேலிருந்து மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் அந்தப் பூட்டு உடைகிறது. அதன் பிறகுதான் ஆணி இழுப்புக்கு இணங்குகிறது. சுத்தியல் மரத்தில் படாமலிருக்க, ஆணித்தலையின் மேல் ஒரு சிறிய இரும்புக் கம்பியை வைத்துத் தட்டினேன்.

அடுத்து, பெயின்டர்கள் பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டை ஆணித்தலைக்கு அடியில் நுழைத்து, ஒரு தீக்குச்சி கனத்துக்கு மட்டும் தூக்கினேன். எல்லாப் பொறுமையும் இந்த இடத்தில்தான் தேவைப்பட்டது; தலை சிறிது மேலே வந்துவிட்டால் மீதி வேலை குறடுக்கு உரியது. குறடால் பிடித்து ஆணியை இடமும் வலமுமாகத் திருகிவிட்டு, அடியில் ஒரு மரச்சில்லை வைத்து அதன் மேல் குறடை ஊன்றி இழுத்தேன். ஆணி மேலே வர வர, இன்னும் கனமான சில்லுகளாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். இல்லையென்றால் ஆணி வளைந்து, வட்டமான துளை நீள்வட்டமாகக் கிழிந்துவிடுகிறது. நீளமான ஆணிகள் சிலவற்றின் முனைகள் கதவின் பின்புறம் மடக்கி அடிக்கப்பட்டிருந்தன. அவற்றை நிமிர்த்திப் பின்னாலிருந்து தட்டிய பிறகே முன்பக்கம் இழுக்க முடிந்தது.

தலை போன அந்த முதல் ஆணிக்கு மண்ணெண்ணெய் விடச் சொன்னார் ஹார்டுவேர் கடைக்காரர். எண்ணெய் நாருக்குள் ஊறிவிட்டால் பின்னால் பாலிஷ் ஒட்டாது என்பதால் நான் அதற்கு உடன்படவில்லை. ரேடியோ பழுதுபார்க்கும் சித்தப்பா மகனிடம் சால்டரிங் அயர்ன் வாங்கி, ஆணியின் முனையில் சில நிமிடங்கள் வைத்துச் சூடாக்கி ஆறவிட்டேன். சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கிய இரும்பு, துருவின் பிடியிலிருந்து சற்றே விலகியது; மூன்றாம் முறை குறடுக்கு அசைந்து கொடுத்தது.

ஆணி வந்த பிறகும் துளைகளைச் சுற்றிக் கருவளையங்கள் நின்றன. வேங்கையில் உள்ள துவர்ப்புப் பொருள் ஈரத்தில் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது. அழுக்கு அல்ல என்பதால் உப்புத்தாள் தேய்த்துப் பயனில்லை. ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, முதலில் கதவின் பின்பக்கத்தில் சோதித்துவிட்டுத் தடவினேன். அது நச்சுப் பொருள் என்பதால் கையுறை கட்டாயம். கறை வெளுத்ததும் நீரால் நன்றாகக் கழுவிவிட வேண்டும். பிறைப் பள்ளத்தின் மேல் ஈரத் துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒற்றியபோது, நசுங்கிய நார் உப்பி முக்கால் பங்கு மேலே வந்தது. அறுபட்ட நாருக்கு இந்த வைத்தியம் பலிக்காது. மிச்சப் பள்ளம் இன்றும் விரலில் தட்டுப்படுகிறது.

இழைப்பதற்கு முன் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டிக் கதவெங்கும் நகர்த்திப் பார்த்தேன். வண்ணப்பூச்சுக்கு அடியில் இன்னும் இரண்டு ஆணிகள் ஒளிந்திருந்தன. அவை மெஷினின் பிளேடில் சிக்கியிருந்தால் அன்றைய கூலியோடு பிளேடின் விலையையும் கொடுத்திருப்பேன்.

துளைகளில் மூங்கில் சிம்புகளைப் பசையோடு இறக்கி, மேலே வேங்கைத் தூளையும் பசையையும் குழைத்து அடைத்தேன். தகரத் துண்டின் நான்கு துளைகளை மட்டும் அடைக்கவில்லை. அதைத் திரும்ப மாட்டியே ஆக வேண்டும் என்று பெரியப்பா பிடிவாதமாக இருந்ததால், துருவேறாத பித்தளைத் திருகாணிகளைக் கொண்டு அதே துளைகளில் பொருத்திக் கொடுத்தேன்.