எட்டு நிமிடப் பேய்ப் படமும் மூன்று மாத ‘மறுகா வாங்க’வும்

படம் ஓடுவது எட்டு நிமிடம். எடுத்தது இரண்டே நாள். திட்டமிட்டது மட்டும் மூன்று மாதம், அதில் பாதி நாள் அலுவலக வாங்குகளில் குந்தியிருந்தே போனது. மட்டக்களப்பில் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குப் பேய்ப் படம் எடுக்க நினைக்கிற தம்பி தங்கச்சிமாராவது அலையாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருக்கிறது, மறைக்கவில்லை.

கதை ஒரு கிழமையில் முடிந்தது. வாவியில் தோணியில் போகிற ஒரு பிள்ளை, வாவிக்கடியில் பாடுவதாகச் சொல்கிற பாடுமீனைக் கேட்பதற்காகத் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியில் காதை வைக்கிறாள். மீனுக்குப் பதிலாகத் தன் பெயரை யாரோ கூப்பிடுவது கேட்கிறது. கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமியை அண்டிய இரவுகளில் அப்படித்தான் கேட்பார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதனால் விளக்க வசனமே தேவைப்படவில்லை. ஆனால் ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கை நம்பி எட்டுப் பக்கம் எழுதிவிட்டு, வாசித்து நடித்துப் பார்த்தால் பதின்மூன்று நிமிடம் வந்தது. அந்தக் கணக்கு முறைப்படி தட்டச்சு செய்த திரைக்கதைக்கு, கொப்பியில் நெருக்கி எழுதியதற்கு அல்ல.

முதல் தவறு வீடு. கதையின் பின்பாதிக்குக் கடற்கரைப் பக்கம் கூரையில்லாத ஒரு வீட்டைப் பார்த்து வைத்து, எந்த மூலையில் கமரா, எந்த யன்னலால் வெளிச்சம் என்று படமெல்லாம் கீறிவிட்டோம். பக்கத்து வளவில் ஒரு அம்மம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார், நாங்களும் பெருமையாகச் சொன்னோம். கத்தியைக் கீழே வைத்தார். "அந்த வீட்டிலயா மனே பேய்? அதில இருந்த புள்ளையள எனக்குத் தெரியும். சுனாமியோட போனதுகள். அதுகளப் பேயாக்கிப் போடாதீங்க." வேறொன்றும் சொல்லவில்லை, ஏசவும் இல்லை. நாங்கள் நாலு பேரும் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீதி வரைக்கும் வந்தோம், ஸ்டார்ட் செய்யக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லை. இந்தப் பக்கம் பாழடைந்து நிற்கிற வீடுகளில் பாதிக்கு 2004 அல்லது சண்டைக்காலம் காரணம். அது எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் யோசிக்கவில்லை. வீட்டைக் கமராவில் பார்க்க முதல் அயலில் கேளுங்கள்.

அடுத்தது கடிதம். வாவிக்கரையில் எடுக்க அனுமதி வேண்டும் என்று துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கினோம், அது அரை மணித்தியால வேலை. கொண்டுபோய்க் கொடுத்த அலுவலகத்தில் எழுதுநர் ஒருவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சம்பந்தப்பட்டவர்களுக்கு எண்டு போட்டா நான் எந்தக் கோவையில வைக்கிற?" என்றார். நியாயமான கேள்விதான், ஆனால் அதைக் கேட்க எங்களை ஒரு மணித்தியாலம் வைத்திருந்தார். பதவிப் பெயர் போட்டு இரண்டாம் முறை போனால் அவர் லீவு. மூன்றாம் முறை, கிராம சேவகரின் சிபாரிசு எங்கே, கதைச் சுருக்கம் எங்கே, பொலிசுக்குப் பிரதி எங்கே? கிராம சேவகர் அன்றைக்கு வெளிக்கள வேலை. ஒவ்வொரு முறையும் முடிவில் அதே இரண்டு சொல்: "மறுகா வாங்க." பிறகு வாங்க என்று அர்த்தம். எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயரே ‘மறுகா வாங்க’ என்று மாறிப்போனது.

கடைசியில் கடிதம் சிக்கிய இடம் ‘பேய்’ என்ற சொல். "இது என்ன பேய்? சனம் பிறகு எங்களக் கேக்கும்" என்றார் எழுதுநர். வெளியில் வந்து, பக்கத்துத் தொடர்பாடல் நிலையத்தில் நாற்பது ரூபாய் கொடுத்து, ‘பேய்ப் படம்’ இருந்த இடத்தில் ‘உளவியல் சார்ந்த குறும்படம்’ என்று மாற்றி அடித்துக் கொடுத்தோம். கதையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

நாள் குறித்ததிலும் கோட்டை விட்டோம். பாடுமீனுக்குப் பௌர்ணமிதானே என்று வைகாசிப் பௌர்ணமியைக் குறித்தோம். போயா தினம் அரச விடுமுறை, ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் அன்றைக்கு வாங்க ஆளில்லை என்பது முதல் நாள் பின்னேரம்தான் உறைத்தது. அது போதாதென்று, வைகாசிப் பௌர்ணமியை ஒட்டித்தான் ஊருக்கு ஊர் கண்ணகி அம்மன் சடங்கு. வாவியின் இரண்டு கரையிலும் ஒலிபெருக்கி. எங்கள் பேய் மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, பின்னால் உடுக்கும் காவியமும் கேட்டால் எப்படி இருக்கும்? கோயில் கலண்டரைப் பார்க்காமல் இங்கே ஒலிப்பதிவுக்கு நாள் குறிக்காதீர்கள்.

கடற்கரை வீடு இல்லையென்றானதும், நண்பனின் மாமாவுடைய வயல்வாடிக்கு, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குப் போவோம் என்று முடிவானது. லைட், முக்காலி, மின்கலம் எல்லாம் ஆட்டோவில் ஏற்றிக் குருமண்வெளித் துறைக்குப் போனால், மண்டூர்ப் பாதை (ஆளையும் வாகனத்தையும் அக்கரைக்கு ஏற்றிப்போகிற மிதவைப் படகு) கடைசித் தடவை போய்விட்டது. அந்தப் பக்கக் கரை கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, போக வழியில்லை. சுற்றிப் போக ஆட்டோ அண்ணன் சொன்ன கூலியைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பினோம். அடுத்த கிழமை காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். மாமா பிளேன்டீ தந்து, வாடியைக் காட்டி, எல்லாம் முடிந்த பிறகு சொன்னார்: "பேயப் புடிக்கிறது உங்கட விருப்பம். ஆறு மணிக்குப் பிறகு ஆன வரும். அதுக்குக் கடிதம் காட்டேலா." தூரத்தில் ஆனைவெடி ஒன்று வெடித்தது, அதோடு இரவுப் படப்பிடிப்பு என்ற பேச்சே நின்றது.

அதனால் இரவைப் பகலில்தான் எடுத்தோம். வானம் படச் சட்டத்துக்குள் (பிரேம்) வராமல் பார்த்து, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, கமராவின் வெண்சமநிலையை (வைட் பலன்ஸ்) 3200 கெல்வினில் வைத்தால் படம் நீலம் பாய்ந்து நிலவு மாதிரி வரும். வானம் வேண்டிய இரண்டு ஷொட்டை மட்டும் சூரியன் விழுந்த கையோடு எடுத்தோம். இங்கே மைமல் பொழுது இருபது நிமிடம்தான், ஒத்திகை எல்லாம் முதலே முடித்திருக்க வேண்டும். வீட்டுக்குள் ரியூப் லைட்டில் எடுப்பவர்களுக்கு ஒன்று: நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போனை அதன் போக்கில் விட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். செக்கனுக்கு 25 சட்டம், ஷட்டர் வேகம் செக்கனில் ஐம்பதில் ஒன்று என்று பூட்டிவிடுங்கள். இது தெரியாமல் ஒரு முழு நாள் எடுத்த சோதனைக் காட்சிகளை அழித்தோம்.

ஒலிதான் என் பிள்ளை, அதைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். எங்களில் ஒருத்தன், 1998இல் விக் டான்டி என்கிற ஆள் 19 ஹேர்ட்ஸ் அளவிலான ஒலி ஆட்களுக்குப் பேய் நிற்பது மாதிரி உணர்வைக் கொடுக்கலாம் என்று எழுதியதை வாசித்துவிட்டு, அதைப் படத்தில் சேர்க்க இரண்டு நாள் மினக்கெட்டான். அவ்வளவு தாழ்ந்த அந்த ஒலியை லப்டொப் ஸ்பீக்கர் வெளியிடவே வெளியிடாது. பரீட்சகர்கள் பார்த்ததோ லப்டொப்பில். மாறாக, சட்டையில் குத்துகிற சின்ன மைக்கை இரண்டு பலூனுக்குள் போட்டு, இறப்பர் பட்டியால் இறுக்கி, துடுப்பில் கட்டி வாவிக்குள் இறக்கினோம். முதல் இரவு முழுக்க இயந்திரப் படகின் இரைச்சல். இரண்டாம் இரவு, இரண்டு மணிபோல, காற்று விழுந்த நேரத்தில், அடித்தொண்டையால் யாரோ முனகுவது மாதிரி பதினொரு செக்கன் கிடைத்தது. மீனா, பலூன் துடுப்பில் உரசியதா, சத்தியமாகச் சொல்லத் தெரியாது. படத்தில் மயிர்க்கூச்செறிகிற இடம் அதுதான்.

நடிகைக்கு அனுமதி எடுத்ததுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம் என்று நினைத்திருந்தோம். பின்னேரம் ஆறு மணிக்கு மேல் பிள்ளையைத் தனிய விட ஏலாது, நானும் வருவேன் என்று அவளுடைய அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி என்றோம். சுடுதண்ணிப் போத்தலும் பிட்டுப் பொதியுமாக வந்து ஒரு ஓரமாக இருந்தார். பேயாக நடிக்க வேண்டிய பெடியன் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் கையை விரித்தபோது, "கை மட்டும்தானே தெரியும், நான் நீட்டுறன்" என்று வளையலைக் கழற்றி வைத்துவிட்டு எழும்பினார். தோணி விளிம்பைப் பிடிக்கிற அந்தக் கை அவருடையதுதான். திரையிட்ட அன்று பார்த்துவிட்டு, எனக்குப் போன் எடுத்து ஒன்றுதான் கேட்டார்: "மறுகா எப்ப மகன் சூட்டிங்?"