1,695 மில்லிமீட்டர்

டோக்கியோவில் குடியேறும் தமிழருக்குக் கார் தேவையா என்று யாராவது கேட்டால், முதல் சில ஆண்டுகளுக்குத் தேவையில்லை என்றே சொல்வேன். எதொகாவா வட்டத்தின் நிஷிகசாய் பக்கம் வீடு எடுத்தவர்களுக்குத் தோசாய் ரயில் பாதை ஒன்றே போதும். அலுவலகம், கடை, மருத்துவமனை எல்லாம் அதன் ஓரத்திலேயே அமைந்துவிடும். இரண்டாவது குழந்தை பிறந்து, ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் தொண்ணூறு நாள் விசாவில் வந்து இறங்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. தள்ளுவண்டியை மடக்கி ஒரு கையிலும் குழந்தையை மறு கையிலும் வைத்துக்கொண்டு, மூட்டுவலிக்காரர் ஒருவரை நிலையப் படிகளில் ஏற்றிச் செல்வது நீண்ட நாள் நடக்கிற காரியமில்லை.

இந்த நாட்டில் வண்டி தேடுவது அளவுநாடாவில் தொடங்க வேண்டும். என் மனைவி அப்படித்தான் தொடங்கினாள். நான் கணினியில் குதிரைத்திறன்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்துக்குப் போய் நீளத்தையும் அகலத்தையும் அளந்து வந்துவிட்டாள். கடைசியில் வாங்கியது டொயோட்டா சியன்டா: 2022 ஆகஸ்டில் வந்த மூன்றாம் தலைமுறை, ஏழு இருக்கை, ஹைபிரிட், பழைய வண்டி. நீளம் 4,260 மி.மீ., அகலம் 1,695 மி.மீ., உயரமும் அதே 1,695 மி.மீ.

இந்த 1,695 தற்செயலாக வந்த எண் அல்ல. ஜப்பானியச் சட்டம் கார்களை அளவை வைத்தே பிரிக்கிறது. அடித்தட்டில் கேய் கார்: 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 660 சி.சி. எஞ்சின், நான்கு பேருக்கு மேல் ஏறக்கூடாது. அடுத்தது ‘சிறிய’ வகை: நீளம் 4.7 மீட்டர், அகலம் 1.7 மீட்டர், உயரம் 2 மீட்டர், எஞ்சின் 2,000 சி.சி. இவற்றில் ஒன்றைத் தாண்டினாலும் வண்டி மேல் வகுப்புக்குப் போய்விடும். சிறிய வகைக்கு எண் தகட்டின் வகுப்பு எண் 5 அல்லது 7 என்று தொடங்கும், பெரியதற்கு 3. சியன்டா அகல வரம்புக்கு ஐந்தே மில்லிமீட்டர் உள்ளே நிற்கிறது. நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த எர்டிகாவின் அகலம் 1,735 மி.மீ.; இங்கே வந்தால் அது மூன்றாம் எண் வண்டி. இன்னோவா கிரிஸ்டாவின் 1,830 மில்லிமீட்டரைச் சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள்.

சிரிப்பதற்குக் காரணம் உண்டு. சாலைக்கு நான்கு மீட்டர் அகலம் வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம். அதற்கு முன்பே அமைந்துவிட்ட சந்துகள் பல அதைவிடக் குறுகியவை. அந்தக் குறுகலுக்குள்ளேயே மின்கம்பம் நிற்கும், சைக்கிளில் பாட்டி வருவார், எதிரே கூரியர் வண்டி நிற்கும். இங்கே இந்த வண்டியின் நூற்றுப் பதினாறு குதிரைத்திறனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கண்ணாடியை மடக்காமல் கடக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. திரும்பும் ஆரம் 5 மீட்டர் என்று விவரத் தாளில் ஒரு வரி இருக்கும். காட்சியறையில் யாரும் அதைப் படிப்பதில்லை. அந்த ஒரு வரியால்தான் என் மனைவி குழந்தைகள் காப்பகத்தின் முன்னால் ஒரே மூச்சில் வண்டியைத் திருப்பிவிடுகிறாள்.

வண்டியை வாங்குவதற்கு முன்பே அதற்கு இடம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். ஷாக்கோ ஷோமேய் எனப்படும் நிறுத்துமிடச் சான்றிதழைக் காவல் நிலையம் தருகிறது. 1962ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு. இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், வண்டி முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும், அங்கிருந்து சாலைக்குத் தடையின்றி வர வேண்டும். வரைபடம் வரைந்து அளவுகளைக் குறித்துக் கொடுக்க வேண்டும். ‘வாசலில் நிறுத்திக்கொள்ளலாம்’ என்ற பேச்சே இல்லை. புதிதாக வருபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று இயந்திர நிறுத்தம். அடுக்கடுக்காகக் கார்களைத் தூக்கி வைக்கும் பழைய கட்டடங்களில் உயர வரம்பு பெரும்பாலும் 1,550 மி.மீ. அகலத்தில் பாஸான சியன்டா அங்கே உயரத்தில் தோற்றுவிடும். எங்களுக்குத் தரைமட்ட இடம் கிடைத்ததால் பிழைத்தோம்; நண்பர் ஒருவர் இதற்காகவே சிறிய வண்டிக்கு இறங்கினார்.

உரிமத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் அதிகபட்சம் ஓராண்டு ஓட்டலாம். அதன் பிறகு இந்திய உரிமத்தை ஜப்பானிய உரிமமாக மாற்றியாக வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வில் ஐம்பது கேள்விகள், தேறுவதற்குத் தொண்ணூறு விழுக்காடு. முன்பு பத்துக் கேள்விகளில் ஏழு சரியாக இருந்தால் போதும், அந்தக் காலம் போயிற்று. அதன் பிறகு பயிற்சித் தளத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். இடதுபுறம் ஓட்டும் நாடு என்பதால் நமக்கு எளிது என்று நினைப்பது வழக்கம். கையும் காலும் பழகியவைதான், கண்தான் பழகவில்லை. இடப்பக்கம் திரும்புமுன் வண்டியை ஓரத்தோடு ஒட்டி, சைக்கிள் வருகிறதா என்று தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ‘தொமாரே’, அதாவது ‘நில்’, என்று எழுதிய சிவப்பு முக்கோணத்தில் சக்கரம் முற்றிலும் நிற்க வேண்டும். ரயில் கடவில் கதவு திறந்திருந்தாலும் நின்று பார்த்துத்தான் போக வேண்டும். ஹாரன் இருக்கிறது, அடிப்பதில்லை. வழிவிட்டவருக்கு நன்றி சொல்ல அபாய விளக்கை இரண்டு முறை மினுக்குகிறார்கள், அது எனக்கு மிகவும் பிடித்துப்போன பழக்கம்.

இப்படி நின்று நின்று போகும் ஊருக்கு ஹைபிரிட் சரியான ஜோடி. எஞ்சின் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், 91 குதிரைத்திறன், மின்மோட்டார் 80, இரண்டும் சேர்ந்து தருவது 116. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் மோட்டார்தான் வண்டியை நகர்த்தும். மோட்டாரின் 141 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை உடனே கைக்கு வருவதால் சிக்னலில் யாருக்கும் பின்தங்க வேண்டியதில்லை. தூங்கும் குழந்தை விழிக்காது, அது வேறு லாபம். எரிபொருள் சிக்கனம் டபிள்யூ.எல்.டி.சி. என்ற சோதனை முறையில் லிட்டருக்கு 28.2 கிலோமீட்டர் வரை என்று அறிவித்திருக்கிறார்கள். ஆறு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு ஓட்டினால் அது கிடைக்காது; பனிக்காலத்தில் உள்ளே சூடு வேண்டுமென்பதற்காகவே எஞ்சின் ஓடும். தொட்டியின் கொள்ளளவு 40 லிட்டர். பெட்ரோல் பங்கில் சிவப்பு முனைக் குழாய் சாதாரண பெட்ரோல், மஞ்சள் உயர் ஆக்டேன், பச்சை டீசல். நமக்கு வேண்டியது சிவப்பு.

மேடு வந்தால் கதை வேறு. ஒதவாராவிலிருந்து ஹகோனே மலைக்கு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனால், மூன்று சிலிண்டர் தன் இருப்பைச் சத்தமாகத் தெரிவிக்கும். மிதியை அழுத்தியதும் எஞ்சின் ஒலி முதலில் உயர்கிறது, வேகம் சற்றுத் தாமதித்துப் பின்னால் வருகிறது. இந்த வகை ஹைபிரிடுகளின் இயல்பு அது. பதறாமல் பாதி மிதியில் வைத்திருந்தால் தானே ஏறும். இறங்கும்போது கியரை ‘B’ நிலைக்கு மாற்றினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது, பிரேக் சூடாவதில்லை. வளைவுக்கு முன் வேகம் கூடுதல் என்று வண்டிக்குத் தோன்றினால் தானாகவே மெல்லக் குறைத்துக்கொள்ளும். முதலில் எரிச்சலூட்டியது, பின்னால் அமர்ந்த அம்மாவுக்குக் குமட்டல் வரவில்லை என்றதும் நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

அக்வா லைன் பாதையில் வேறொரு குணம் தெரியும். கவாசாகியிலிருந்து கிசராசு வரை டோக்கியோ விரிகுடாவைக் கடக்கும் 15.1 கிலோமீட்டர், கடலுக்கடியில் சுரங்கம், பிறகு 4.4 கிலோமீட்டர் பாலம். சுரங்கத்தில் சமத்தாக வந்த வண்டி, பாலத்துக்கு வந்ததும் பக்கக் காற்றில் சற்று அசைகிறது. சுமார் 1.3 டன் எடையும் செங்குத்தான பக்கச் சுவரும் கொண்ட எந்த வண்டியும் அப்படித்தான். திருப்புச் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்காமல் இரண்டு கையாலும் தளர்வாக வைத்திருந்து, வேகத்தைக் குறைத்தால் போதும்.

இனி உள்ளே. நழுவுகதவின் வாசற்படி தரையிலிருந்து 330 மி.மீ. உயரம்தான், கதவு திறக்கும் உயரம் 1,200 மி.மீ. அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, யார் கையையும் பற்றாமல் ஏறிவிடுகிறார். நெருக்கமான நிறுத்தத்தில் பிள்ளைகள் கதவைத் திறந்து பக்கத்து வண்டியில் இடித்துவிடுவார்களோ என்ற பயமும் இல்லை. எனக்கு இந்த வண்டியில் மிகப் பெரிய வசதி இந்தக் கதவுதான், எஞ்சின் அல்ல.

மூன்றாம் வரிசையைப் பார்த்து அப்பா கேட்டார்: “ஏழு பேர் எங்கே உட்காருவது, தம்பி?”

“ஏழு பேர் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள் அப்பா. நாம் ஆறு பேர்தானே.”

அவர் திருப்தியடையவில்லை. கேள்வி நியாயமானதே. மூன்றாம் வரிசை, இரண்டாம் வரிசைக்கு அடியில் நுழைந்து ஒளிந்துகொள்ளும் வகை. ஒளித்துவிட்டால் தரை சமமாகி, ஊரிலிருந்து வரும் பெட்டிகள் நேராக நிற்கும். ஆனால் அதை மடக்கவோ விரிக்கவோ இரண்டாம் வரிசை இருக்கையை முதலில் முன்னால் கவிழ்க்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இங்கே குழந்தை இருக்கை கட்டாயம். அது அந்த இருக்கையில் பூட்டியிருந்தால் கவிழ்க்க முடியாது, அந்தப் பக்கமாகப் பின்னால் ஏறவும் முடியாது. இரண்டு பக்கமும் குழந்தை இருக்கை பொருத்தியவருக்கு மூன்றாம் வரிசை இருந்தும் இல்லாத ஒன்று. இதை விற்பவர்கள் வலியச் சொல்வதில்லை. நாங்கள் சின்னவளின் இருக்கையை வலப்பக்கம் வைத்து, இடப்பக்கத்தைப் பாதையாக விட்டிருக்கிறோம். அப்பா முன்னால், அம்மா பேத்தியின் பக்கத்தில், பெரியவனும், எங்கள் இருவரில் வண்டி ஓட்டாதவரும் கடைசி வரிசையில். ஓட்டுவது நானா மனைவியா என்பதற்கு வீட்டில் முறை உண்டு, கடைசி வரிசை இருவருக்குமே பிடிக்காது.

செலவில் ஆண்டு வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது: ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டருக்கு 30,500 யென், கேய் காருக்கு 10,800. ஷாக்கென் என்ற கட்டாயச் சோதனை, புது வண்டிக்கு மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டாண்டுக்கு ஒரு முறையும் வரும். பழைய வண்டி வாங்குபவர் விலையோடு, ஷாக்கென் இன்னும் எத்தனை மாதம் மீதமிருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பனிப்பகுதிக்கு மாற்றலாகப் போகிறவர்கள் ஹைபிரிடையே எடுக்க வேண்டும். இந்தத் தலைமுறையில் நான்கு சக்கர இயக்கம் பெட்ரோல் வண்டிக்குக் கிடையாது.

இரண்டு கைக்குழந்தைகளும் வந்துபோகும் பெற்றோரும் இருக்கும் வீட்டுக்கு, 2024 ஜூனில் வந்த ஹோண்டா ஃப்ரீட் ஏர் வகையின் ஆறு இருக்கை வண்டியைப் பார்க்கச் சொல்வேன். 4,310 மி.மீ. நீளம், அகலம் அதே 1,695. நடுவரிசையில் தனித்தனி இருக்கைகள், இடையில் நடந்து பின்னால் போகலாம். கடைசி வரிசை பக்கச் சுவரோடு தூக்கி மாட்டும் வகை என்பதால் குழந்தை இருக்கையைத் தொட வேண்டியதில்லை, கைக்கு மட்டும் கொஞ்சம் வேலை. அதே வண்டியின் கிராஸ்ஸ்டார் வகை பார்க்க மிடுக்காக இருக்கும். அகலம் 1,720 என்பதால் மூன்றாம் எண் தகடு. அடுத்த தெரு நண்பர் வீட்டில் ஏர் வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒரு முறை ஏறி இறங்கிய அம்மா, அவர்கள் எந்தப் பக்கம் போனாலும் தனக்கும் ஓர் இடம் கேட்கச் சொல்கிறார்.