முத்துராஜவெலச் சேற்றில் பொசுபரசு: சில குறிப்புகள்

ஜூன் 4

நீர்கொழும்புக் களப்பின் தென்புறத்து முத்துராஜவெலச் சதுப்புநிலத்தில், கண்டற்காட்டினுள் இன்று சேற்று மாதிரிகள் எடுத்தோம். குழாயை அழுத்தி இழுத்தால் மேலே சில மில்லிமீற்றர் மட்டும் செம்பழுப்பாக இருக்கிறது. அதற்குக் கீழே எல்லாம் கரிய சேறு, கூழ்முட்டை நாற்றம். "அக்கா, கண்ணா மரத்து வேரைச் சுத்தி மட்டும் துருப்பிடிச்ச மாதிரிக் கிடக்குது" என்றான் மன்னாரிலிருந்து வந்திருக்கும் மாணவத் தம்பி. மூச்சுவேர்கள் இழுத்த ஒட்சிசனில் ஒரு பங்கு வேர்த்தோல் வழியே கசிந்து, கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கிப் படிய வைக்கிறது. நீரில் பொசுபரசு கரைந்திருக்கும் வடிவமான பொசுபேற்று ஒட்டிக்கொள்வது அந்தத் துருவில்தான். நண்டு வளைகளின் சுவரிலும் அதே நிறம் தெரிந்தது.

ஜூன் 5

கொழும்பில் நடக்கும் கூட்டங்களில் "கண்டல் கழிவை வடிகட்டும்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பொசுபரசைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். நைதரசனைப் போல வாயுவாகி வளியில் கலந்துபோகும் வழி இதற்கு அநேகமாக இல்லை என்பதால், வாய்க்கால் வழியே வந்தது சேற்றில் கட்டுண்டோ, உயிர்களுக்குள் சேர்ந்தோ, வற்றுநீரோடு கடலுக்குப் போயோதான் ஆகவேண்டும். சேற்றில் ஒட்சிசன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் துருவிலுள்ள இரும்பைத் தாழ்த்தி, அதாவது இலத்திரன் கொடுத்து, கரைக்கின்றன; அதைப் பற்றியிருந்த பொசுபேற்றும் கூடவே விடுபடுகிறது. கல்சியத்தோடு கட்டுண்ட பங்கு இப்படி எளிதில் அசைவதில்லை.

ஜூன் 8

கருஞ்சேற்றிலிருந்து பிரித்த நீரை, ஒட்சிசன் படாதபடி நைதரசன் நிரப்பிய பெட்டிக்குள்ளேயே வடித்து, ஒரு பங்கை மட்டும் வேண்டுமென்றே வெளியே திறந்து வைத்தேன். தெளிந்திருந்த நீர் மெல்ல மஞ்சளாகி, கலங்கி, அடியில் பழுப்புத் தூளாகப் படிந்தது. இரண்டையும் மொலிப்டேற்றும் விற்றமின் சியும் சேர்த்து நீலமாக்கி 880 நனோமீற்றரில் அளந்தபோது, திறந்து வைத்ததில் நீலம் வெளிறியிருந்தது; அதாவது நீரில் கரைந்திருந்த பொசுபேற்று குறைந்திருந்தது. காட்டில் வேரோரம் நடப்பதே இந்தச் சோதனைக் குழாயிலும் நடந்திருக்கிறது.

ஜூன் 15

நல்ல மழை. தண்டுகம் ஓயாவும் ஜா-எலவும் களப்புக்குள் நன்னீரைக் கொட்டுகின்றன. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று உண்டு; அதிலிருந்து பக்ரீறியாக்கள் ஆக்கும் சல்பைட்டு இரும்பைப் பிடித்துக் கரிய இரும்புச் சல்பைட்டாக்கிவிட்டால், பொசுபேற்றை மீண்டும் பற்ற இரும்பு மிஞ்சாது. மழை அந்தச் சல்பேற்றை நீர்க்கச் செய்யும் என்றாலும், அதே வெள்ளம் கொண்டுவரும் அழுகற்பொருள் மேற்சேற்றின் ஒட்சிசனைத் தின்றுவிடக்கூடும். ஆகவே அடுத்த மாதிரிகளில் பொசுபேற்றோடு சல்பைட்டையும் கரைந்த இரும்பையும் ஒரே குழாயிலிருந்து, ஒரே ஆழத்தில் அளக்கப்போகிறோம்.