குதிரையை விற்பதா?

எங்கள் மார்வாரி இனப் பெண்குதிரையை வாங்க ஒருவர் முன்வந்திருக்கிறார். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை வரை பொறுத்திருந்தால் கூடுதல் விலை கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்னை வாட்டுவது விலையன்று, அவள் போய்ச்சேரும் இடம். நல்ல பராமரிப்பில் குதிரை 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்பதால், அவளுடைய மீதி வாழ்வு முழுவதையும் இன்னொருவர் கையில் ஒப்படைக்கிறேன்.

வாங்க வந்தவர் அவளைத் திருமண ஊர்வலங்களுக்கு அனுப்ப எண்ணுகிறார். சிறு ஓசைக்கும் காதைத் திருப்பும் அவள், வெடிச்சத்தத்துக்கும் செண்டை மேளத்துக்கும் நடுவே தார்ச்சாலையில் மணிக்கணக்கில் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தீவனத்தைப் பற்றிய கவலையும் உண்டு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீவனம் திடீரென மாறி வயிற்றுவலி கண்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை அறியாதவர், தானியத்தை அள்ளிப்போடுவதையே அன்பென்று நினைத்துவிடுவார். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்றவும் ஆள் வேண்டும்.

அவருடைய லாயத்தை நேரில் பார்க்கக் கேட்டிருக்கிறேன். ஊர்வலத்துக்கு அனுப்புவதில்லை என்று எழுதிக்கொடுத்தால் விலையைக் குறைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இந்த ஆண்டு சந்தைக்கும் அவளைக் கொண்டுபோவதாக இல்லை.